மலையிறங்கும் வழியை முன்கூட்டியே பார்த்து வைத்த நர்சம்மாவுக்கு

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

மகன் நன்றாக இருக்கிறான். கவிழ்ந்து படுத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். அட்டையில் நீங்கள் குறித்துக் கொடுத்த தேதிகளில் தடுப்பூசி எல்லாம் போட்டாகிவிட்டது.

இதை நேரில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நன்றி என்று வாயெடுத்தாலே, "அட விடுங்க டீச்சர், என் வேலைதானே" என்று குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவீர்கள். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. மலைப்பகுதியில் வயிற்றுப்பிள்ளையோடு வேலைக்குப் போகும் பெண்கள் இதைப் படிக்க வேண்டும். அவர்களுடைய தலைமையாசிரியர்கள், எஸ்டேட் சூப்பர்வைசர்கள், மாமியார்கள், கணவன்மார்கள் எல்லாரும் படிக்க வேண்டும். நீங்கள் எனக்குச் செய்து கொடுத்தது பணம் செலவாகிற காரியமே இல்லை. எந்த ஊரிலும் யாரும் செய்யலாம்.

வால்பாறையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டினால் மலைப்பாதை. 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதிய பலகை இருக்கும். பஸ்ஸில் வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எங்கே மரம் விழும், எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. எங்கள் பள்ளி வால்பாறை டவுனிலும் இல்லை. அங்கிருந்து எஸ்டேட் ரோட்டில் இன்னும் உள்ளே போக வேண்டும். இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளி: ஹெச்.எம். அம்மாவும் நானும். என் கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். இங்கே குவார்ட்டர்ஸில் நானும் மாமியாரும், எங்கள் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மூத்த மகளும்.

முதல் குழந்தை சிசேரியன். அதனால் இரண்டாவது பிரசவம் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் மயக்க மருந்து டாக்டரும் எந்நேரமும் தயாராக இருக்கிற இடத்தில்தான் என்று பொள்ளாச்சி அரசு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். 39 வாரம் முடிகிற கணக்கில் ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே வலி வந்தால் காத்திருக்கக் கூடாது, பழைய தையல் வலியில் விட்டுப்போகிற ஆபத்து உண்டு என்றார்கள். இருநூறு பேரில் ஒருவருக்கு நேரக்கூடியது அது. நேர்ந்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் நிமிடங்கள்தான் கணக்கு. டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, தேதி குறித்த தாளைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி மேலே வந்தோம். தேதி கையில் இருந்ததில் எல்லாருக்கும் நிம்மதி. அதற்கு முந்தைய வாரம் வரை பள்ளிக்குப் போய்விட்டு அப்புறம் லீவு போடுவதாக ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2021 ஜூலையிலிருந்து எங்களைப் போன்ற அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு ஓர் ஆண்டு. முன்னால் எடுக்கிற ஒவ்வொரு நாளும் பின்னால் பிள்ளையோடு இருக்கிற நாளில் குறையும். வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் போடுகிற கணக்குதான் இது. அதைக் கேட்டு நீங்கள் திட்டவில்லை. "ஏன் இன்னும் ஸ்கூலுக்குப் போறீங்க" என்று கேட்காத ஒரே ஆள் நீங்கள்தான், நர்சம்மா. நீங்கள் கேட்ட கேள்வியே வேறு.

"சரிங்க டீச்சர், போர்டுல எழுதிட்டு இருக்கும்போது வலி வந்துட்டா முதல்ல யாருக்கிட்ட சொல்லுவீங்க?"

கணவருக்குப் போன் செய்வேன் என்றேன். அவர் கோயம்புத்தூரில் இருந்து என்ன செய்வார் என்றீர்கள். 108-ஐக் கூப்பிடச் சொல்வார் என்றேன். அதை ஹெச்.எம். அம்மாவே கூப்பிடலாமே என்றீர்கள். அப்புறம் மாமியாரைக் கேட்க வேண்டும் என்றேன். "அவங்க என்ன சொல்லுவாங்க?" என் மாமியார் பக்கத்திலேயே இருந்தார். சூட்டு வலியாக இருக்கும், சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்பேன் என்று உள்ளதைச் சொன்னார். அவர் காலத்தில் அதுதான் வழக்கம். பொய்வலி என்றால் கஷாயத்தில் அடங்கிவிடும், நிஜ வலி என்றால் இன்னும் கூடும். "மத்தவங்களுக்கு அது சரிங்கம்மா. ஒரு மணி நேரம் பார்க்கலாம். டீச்சர் வயித்துல தையல் இருக்கு. இவங்களுக்குச் சூட்டு வலியா இருந்தாலும் அதைப் பொள்ளாச்சியில போய்த்தான் தெரிஞ்சுக்கணும்" என்றீர்கள். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ என்னைக் கேக்க வேண்டாம், கிளம்பிடட்டும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வாங்குவதற்காகத்தான் அன்றைக்கு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

குழந்தை பிறந்த பிறகு ஒரு கட்டுரை படித்தேன். சரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு பெண்கள் 1994-இல் எழுதியது. பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பதற்குப் பின்னால் உள்ள தாமதங்களை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் வரும் தாமதம், வழியில் ஆகும் தாமதம், போய்ச் சேர்ந்த பிறகு வைத்தியம் கிடைப்பதில் வரும் தாமதம். வழியைப் பற்றித்தான் நாம் எப்போதும் பேசுகிறோம், ரோடு சரியில்லை, வண்டி இல்லை என்று. வீட்டிலும் வேலையிடத்திலும் யார் தலையாட்ட வேண்டும் என்று காத்திருந்து போகிற நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல் வேலையாக அந்த முதல் தாமதத்தைத்தான் ஒழித்தீர்கள்.

மறுவாரம் பள்ளிக்கே வந்தீர்கள். சத்துணவு நேரம். ஹெச்.எம். அம்மாவிடம் நீங்கள் கேட்டதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. "டீச்சர்கூட நீங்க வண்டியில ஏறிட்டீங்கன்னா, பிள்ளைங்களை யாருங்கம்மா பார்ப்பாங்க?" எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. இரண்டு பேர் உள்ள பள்ளியில் ஒருவருக்கு வலி வந்து இன்னொருவர் துணைக்குப் போனால், அத்தனை பிள்ளைகளும் தனியே. வெளியே தேயிலைக் காடு. சிறுத்தை நடமாடுகிற ஊர். ஹெச்.எம். அம்மா எக்காரணம் கொண்டும் பள்ளியை விட்டு அசையக் கூடாது என்று அங்கேயே முடிவானது. அப்படியானால் என்னோடு யார்? மதியத்துக்கு மேல் என்றால் சத்துணவு சமையல் அக்கா. மதியத்துக்கு முன் என்றால் அடுப்பில் உலை இருக்கும், அவர் வர முடியாது. அப்போது பள்ளிக்குப் பின்னால் குடியிருக்கும், கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பாட்டி. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் பிரித்து விடுவதைப் போல ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைச் சொல்லிவிட்டீர்கள். பாட்டியை வரவழைத்து, "கூப்பிட்ட உடனே செருப்பைப் போட்டுக்கிட்டு வந்துடணும், துணி மாத்தறேன்னு உள்ளே போகக் கூடாது" என்று சொன்னபோது பாட்டிக்கு வந்த பெருமிதத்தை நான் பார்த்தேன்.

வண்டி அடுத்தது. 108 வரட்டும் என்று பள்ளியில் காத்திருப்பதற்குப் பதில், எஸ்டேட் ரோட்டை ஜீப்பில் கடந்து வால்பாறை அரசு மருத்துவமனைக்கு நாமே போய்விட வேண்டும். அங்கே டாக்டர் கைவைத்துப் பார்த்து, இறங்கத் தாங்கும் என்றால் அங்கிருந்து ஆம்புலன்ஸில் பொள்ளாச்சிக்கு. தாங்காது என்றால் அங்கேயே அவர்கள் முடிவு செய்வார்கள். ஆம்புலன்ஸ் மேலே ஏறி வருகிற நேரம் மிச்சம். ஜீப்காரரிடம் நீங்கள் பேசியதையும் கேட்டேன். அந்த மாதம் முழுக்க டீசல் பாதி டேங்குக்குக் கீழே போகக் கூடாது. வெளியூர் சவாரி பிடித்தால் முதல் நாளே பள்ளியில் சொல்லிவிட வேண்டும், அன்றைக்கு ஆட்டோக்காரர் பொறுப்பு. அவசரம் என்று வேகமாக ஓட்டக் கூடாது. வலிக்காரியைப் பின் இருக்கையில் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும், மல்லாக்கப் படுத்தால் வயிற்றுப் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரும். ஜீப்காரர் அதைத் தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கவும் நீங்கள் தவறவில்லை. மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்கும் பாதை இருக்கிறதே என்றார் ஹெச்.எம். அம்மா. அது முழுக்கக் காடு, தூரமும் கூடுதல், சோதனைச்சாவடி வேறு. அதை மறந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். அப்புறம் யானை. பொழுது சாய்ந்தால் யானை ரோட்டுக்கு வரும் ஊர் இது. இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமார் குழுவினர் பல வருடமாக இங்கே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். யானை நிற்கும் இடத்தைச் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவார்கள், சில இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். 2015-இல் அவருக்கு விட்லி விருது கிடைத்ததே இதற்குத்தான். நம் ஊரில் இரவு வேலை முடிந்து திரும்புகிறவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் வழி நடக்கிறார்கள். பிரசவ வண்டிக்கும் அதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஜீப்காரர் எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு, அவர் போனை வாங்கிப் பார்த்த பிறகுதான் நம்பினீர்கள்.

பையைப் பற்றி மாமியாரிடம் சொன்னால் அவரே கட்டிவிடுவார் என்றீர்கள், அப்படியே நடந்தது. துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்திச் சேலை, துண்டுகள், நைட்டி, நாப்கின், ஜீப் இருக்கையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட், ஸ்கேன் ரிப்போர்ட்டுகளின் ஜெராக்ஸ், ரத்தப் பிரிவு எழுதிய தாய் சேய் அட்டை. இது வீட்டில் இருந்து என்ன பயன், வலி பள்ளியில் வந்தால் என்று சொல்லி, பள்ளிக்கூட பீரோவில் வருகைப் பதிவேட்டுக்குக் கீழே வைக்கச் சொன்னீர்கள். என் கணவருக்கு உங்கள் உத்தரவு வேறு: தகவல் வந்ததும் மேலே ஏறி வரக் கூடாது, நேராகப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நிற்க வேண்டும், ரத்தம் கொடுக்க இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. மனைவிக்கு வலி என்றால் எந்தப் புருஷனும் மனைவி இருக்கும் இடத்துக்குத்தான் ஓடுவான். மலைப்பாதையில் எதிரெதிரே ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விடுவார்கள்.

இவ்வளவையும் ஒரு முழு வெள்ளைத் தாளில் நீங்களே பெரிய எழுத்தில் எழுதி, பெல் அடிக்கிற தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினீர்கள். மேலே போன் எண்கள். கீழே 108-இல் சொல்ல வேண்டிய வார்த்தைகள் அப்படியே: இரண்டாவது பிரசவம், முதல் பிரசவம் ஆபரேஷன், எத்தனையாவது வாரம், வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, தண்ணீர்க்குடம் உடைந்ததா, என்ன நிறம், ரத்தம் போகிறதா, ஜீப்பில் எங்கே வந்துகொண்டிருக்கிறோம். தண்ணீர் பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று சிவப்பு மையில். எங்கள் பள்ளியில் டவர் பிடிப்பது கொடிக்கம்பத்தடியில் மட்டும்தான். அதையும் எழுதினீர்கள்: "போன் கொடிக்கம்பத்துக்கிட்ட." ஹெச்.எம். அம்மாவைப் படித்துக் காட்டவும் சொன்னீர்கள். ஐம்பதைத் தாண்டியவர், பள்ளி ஆய்வுக்கு வருகிறவர்களையே பதற விடுகிறவர், ஒரு மாணவியைப் போல நின்று வரி வரியாகப் படித்தார்.

கடைசி வரி என்னைச் சற்றுக் கலங்க வைத்தது. வண்டியிலேயே பிறந்துவிட்டால். வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும். குழந்தையைத் துடைத்து அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோல் படப் போட்டு, இரண்டு பேரையும் சேர்த்துச் சேலையால் போர்த்த வேண்டும். தொப்புள் கொடியை இழுக்கக் கூடாது, அறுக்கக் கூடாது. நஞ்சு தானாக வரட்டும். சமையல் அக்கா அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் எழுதலாமா, அபசகுனமாட்டம் இருக்கு" என்றார். நீங்கள் அவருக்குச் சொன்ன பதில்: "எழுதி வெச்சுட்டா உங்களுக்கு அந்த நேரம் கை நடுங்காதுக்கா." அதற்கு மேல் அவர் பேசவில்லை.

எனக்கு மிகவும் நெருக்கமானது இன்னொன்று. என் மகளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் பேசியது. "ஒரு நாள் அம்மா வகுப்புல இருந்து எழுந்து ஜீப்புல போவாங்க. அம்மா முகம் ஒரு மாதிரி இருக்கும். அது பாப்பா வர்ற வலி. நீ அழ வேண்டாம். பெரிய டீச்சர் கையைப் பிடிச்சுக்கோ, மாலையில பாட்டி வருவாங்க." தாயைப் பற்றி, வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பற்றி எல்லாரும் யோசிப்பார்கள். அதே பள்ளியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆறு வயசுக் குழந்தையை நினைத்துப் பார்த்தவர் நீங்கள்.

அந்த நாள் குறித்த தேதிக்கு முன்பே வந்தது. ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மதிய உணவு முடிந்து ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். இடுப்பிலிருந்து சுற்றிக்கொண்டு வந்த வலி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வலி வரும் வரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி. மூன்றாவது வலிக்குக் காத்திருக்கவில்லை. ஹெச்.எம். அம்மாவிடம் போய், "அம்மா, சுவரைப் பாருங்க" என்றேன். அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு மழையில் கொடிக்கம்பத்தடிக்குப் போனார். சமையல் அக்கா பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, பீரோவைத் திறந்து பையைத் தோளில் மாட்டினார். ஜீப் சத்தம் கேட்டபோது நான் இன்னும் வராண்டாப் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். என் மகள் ஒன்றாம் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். ஹெச்.எம். அம்மா நனைந்த சேலையோடு அவளிடம் கை நீட்டினார், அவள் போய்ப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

வால்பாறை ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே உங்கள் போன் போயிருந்தது. டாக்டர் பார்த்தார், இறங்கலாம் என்றார், கையில் ஊசி போட்டு ட்ரிப்ஸ் மாட்டினார்கள், ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. 2008-இல் தமிழ்நாட்டில் 108 வந்ததைப் பற்றி வகுப்பில் பொது அறிவுக் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். அதற்குள் படுத்துப் பார்த்தபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. மருத்துவ உதவியாளர் தம்பி சின்ன வயசு. ரத்த அழுத்தம் பார்ப்பதும், வயிற்றில் கைவைத்து வலியின் இடைவெளியைக் குறிப்பதும், தையல் இடத்தில் விடாமல் வலிக்கிறதா என்று கேட்பதுமாக இருந்தார். கவர்க்கல்லில் மூடுபனி, ஓட்டுநர் முன்விளக்கைத் தாழ்த்தி, மெல்ல மெல்ல ஓட்டினார். பிறகு வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவிலும் அந்தத் தம்பி, "அக்கா, இப்போ வலது பக்கம் சாயும்", "இப்போ இடது" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். சமையல் அக்கா பலகை எண்களைச் சத்தமாகப் படித்தார். 40-இலிருந்து கீழே இறங்கி இறங்கி ஒன்று வரை. நான் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விட்டேன்.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் அவசரப் பிரசவங்களைப் பார்க்கும் சீமாங் பிரிவு வாசலில் என் கணவரும் அவருடைய நண்பர்கள் இருவரும் நின்றிருந்தார்கள். தியேட்டரில் எல்லாம் தயாராக இருந்தது. அன்று மாலையே மகன் பிறந்தான். தையல் மெலிந்து போயிருந்தது, நல்ல வேளையாக வந்தீர்கள் என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய எண். பிரசவம் எங்கே முடிந்தது என்பதை அது சொல்கிறது. அந்தப் பெண் எந்த வேலையை விட்டு எழுந்து போனாள், யார் வண்டியில் போனாள், வழியில் என்ன பாடுபட்டாள் என்பது அதில் வராது. ஆனைமலைக் காட்டுக்குள் ரோடு போகாத பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து இன்றைக்கும் கர்ப்பிணிகளைத் துணியில் தொட்டில் கட்டித் தூக்கி வருகிறார்கள். அவர்களும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பேறுகாலத்துக்கு முன்பே வந்து தங்கியிருக்கக் காத்திருப்பு அறைகள் வந்துவிட்டன. எல்லா மலைகளிலும் வர வேண்டும்.

இதை எழுதும்போது என்னை உறுத்துவது ஒன்றுதான். நான் அரசு ஆசிரியை. எனக்கு ஓர் ஆண்டு சம்பளத்தோடு விடுப்பு, எழுந்து போனால் யாரும் கேட்கப் போவதில்லை. தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கிறவளுக்கு எழுந்து போனால் அன்றைய எடை போகும். சரிவின் நடுவில் டவர் கிடையாது. நீங்கள் அவளுக்கும் இதே தாளை எழுதியிருக்கிறீர்கள் என்பதைப் பிறகு கேள்விப்பட்டேன். மாதம் நெருங்கியவர்களுக்கு ரோட்டோரக் காட்டிலேயே வேலை கொடுக்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் பேசி வாங்கியிருக்கிறீர்கள். அது சலுகை இல்லை. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னால் உள்ள ஒரு மாதத்தில், அவள் கேட்டால் கடினமான வேலை கொடுக்கக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமே சொன்னது. சட்டத்தில் இருப்பதைச் சரிவில் நிற்கிறவளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, பஸ் பிடித்து, இறங்கி, மழையில் அட்டைக்கடியோடு நடந்து போக ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் நீங்கள். உங்கள் பையில் தடுப்பூசிப் பெட்டி, தராசு, பதிவேடுகள், இரவு உட்கார்ந்து கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்கள். இதற்கு நடுவில் எங்கள் பள்ளிச் சுவருக்கு ஒரு தாள் எழுத நேரம் கண்டீர்கள்.

உங்களுக்கு என் நன்றி, நர்சம்மா. மழையில் நனைந்து போன் பேசிய ஹெச்.எம். அம்மாவுக்கும், அரைகுறையாகக் கழுவிய பாத்திரத்தை விட்டு வந்த சமையல் அக்காவுக்கும், கஷாயம் வைக்காமல் பை கட்டிய என் மாமியாருக்கும், கூலி வாங்க மறுத்த ஜீப் அண்ணனுக்கும், பெயர் கேட்டு வைத்துக்கொள்ள முடியாமல் போன அந்த 108 தம்பிகளுக்கும். தன்னைக் கூப்பிடவில்லை என்று இன்னும் குறைப்படும் பாட்டிக்கும்.

ஒரு செய்தி. எனக்குப் பதிலாக மாற்றுப்பணியில் வந்திருக்கும் டீச்சருக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்தும் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறார். முதல் பிரசவம், பார்க்கிற ஆஸ்பத்திரி உடுமலைப்பேட்டையில், அம்மா வீட்டுப் பக்கம். பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஜீப் அண்ணன் எண் மாறிவிட்டது, மாற்றிவிட்டேன். புது டீச்சருடைய ரத்தப் பிரிவும், அவர் வீட்டில் யார் தலையாட்ட வேண்டும் என்பதும் இன்னும் எழுதவில்லை. அதை நீங்கள் வந்து கேட்டால்தான் சரியாக வரும். புதன்கிழமை தடுப்பூசி முடிந்ததும் பள்ளிக்கு வாருங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். சாப்பிடாமல் போகக் கூடாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்